தேயிலை ஏறிய சிறு ரயிலும் நாம் ஏறிய மலைப்பாதையும்

மூணாற்றிலிருந்து கிழக்கே மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக மலையேறிச் செல்லும் சாலை ஏறக்குறைய 32 கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஊரை அடைகிறது. அவ்வூரின் பெயர் டாப் ஸ்டேஷன். விடுமுறை நாள்களில் அங்கு செல்வோர் மலைவிளிம்பில் நின்று, கீழே தேனிச் சீமையின் சமவெளி மஞ்சு மூடிக் கிடப்பதைப் பார்த்து மகிழ்ந்து திரும்புகின்றனர். ஆனால் அங்கே ரயில் இல்லை, தண்டவாளம் இல்லை, நடைமேடையும் இல்லை. ரயில் இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் என்ற பெயர் எவ்வாறு வந்தது என்று கேட்போர் மிகச் சிலரே.

அக்கேள்விக்கு விடை காணப் புகுந்தால், நம் குடும்பங்களில் பலவற்றின் வரலாறும் அதனோடு சேர்ந்தே வெளிப்படும். ஆதலின் அந்தச் சிறு ரயிலின் கதையை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கண்ணன் தேவன் மலைகளில் தோட்டம் போடும் முயற்சி 1870களின் இறுதியில் தொடங்கிற்று. பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் 1877இல் இம்மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். சிங்கோனா, காப்பி முதலிய பயிர்களைச் சோதித்துப் பார்த்த பின்னர் தேயிலையே நிலைத்தது. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி அமைந்தபோது, தேயிலை ஒரு பெருந்தொழிலாகிவிட்டது. விளைவித்தாயிற்று, பதப்படுத்திப் பெட்டியில் அடைத்தாயிற்று, அந்தப் பெட்டியைக் கடலுக்குக் கொண்டுபோவது எப்படி என்பதே எஞ்சிய கேள்வி.

மேற்கே திருவிதாங்கூர்ப் பக்கம் அடர்ந்த காடு. மழைக்காலத்தில் பெருக்கெடுக்கும் ஆறுகள். கிழக்கே மலை செங்குத்தாக இறங்கினாலும், இறங்கிய இடத்தில் போடிநாயக்கனூர்ச் சமவெளி காத்திருந்தது. எனவே கிழக்கு வழியே தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஒற்றைத் தண்டவாளம்

1902இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு வண்டிப்பாதை வெட்டப்பட்டது. அதன் ஓரமாக ஒரேயொரு தண்டவாளம் போடப்பட்டது. இரண்டு தண்டவாளங்களின் மேல் ஓடும் ரயிலையே கண்ட நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். யூயிங் முறை என்று பெயர் பெற்ற இவ்வமைப்பில், வண்டியின் பாரம் பெரும்பாலும் அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேலேயே தங்கும். வண்டி சாயாதிருக்க, பக்கவாட்டில் நீட்டப்பட்ட ஒரு பெரிய சக்கரம் சாலைத் தரையில் உருண்டு வரும். பாரம் பெரும்பாலும் இரும்பின் மேல் இருப்பதால் உராய்வு குறையும். காளைகள் எளிதாக இழுத்துச் செல்லும். சாலைக்குச் சாலையுமாயிற்று, ரயிலுக்கு ரயிலுமாயிற்று.

இந்தியாவில் ஒற்றைத் தண்டவாள வண்டி முதலில் ஓடிய இடம் இம்மலையே. வடக்கே பாட்டியாலா சமஸ்தானத்தில் இதே முறை 1907இல்தான் வந்தது. அங்கே முதலில் கோவேறு கழுதைகள் இழுத்தன. பின்னர் நீராவி எஞ்சின்கள் வந்தன. பாட்டியாலாவின் எஞ்சின் ஒன்று பழுது பார்க்கப்பட்டு, புதுதில்லியிலுள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. குண்டளைப் பள்ளத்தாக்கின் வண்டிகளுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

தேயிலை பெருகப் பெருகக் காளைகளின் வேகம் போதவில்லை. 1908இல் ஒற்றைத் தண்டவாளம் நீக்கப்பட்டு, 2 அடி அகலமுள்ள குறும்பாதை போடப்பட்டது. சிறு நீராவி எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் ஆகிய இடங்களில் நிலையங்கள் அமைந்தன.

நம் நாட்டின் அகலப்பாதை 5 அடி 6 அங்குலம். அதனோடு ஒப்பிட்டால் 2 அடிப் பாதை ஒரு விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். ஆனால் மலைக்கு ஏற்றது அதுவே. தண்டவாளம் குறுகினால் வளைவுகளைக் கூர்மையாக அமைக்கலாம். மலைச்சரிவின் மடிப்புகளை ஒட்டியே பாதையைக் கொண்டுபோகலாம். பாறையைக் குடைந்து நேராக்கும் செலவு மிச்சமாகும். தார்ஜிலிங் மலைக்கு 1881இலும் மாதேரான் மலைக்கு 1907இலும் வந்த ரயில்களும் இதே 2 அடி அகலத்தவையே.

சீமையில் இதனினும் சிறிய பாதைகளும் இருந்தன. ஆர்தர் ஹேவுட் என்னும் பிரபு, பெருநிலக்கிழார்களின் பண்ணைகளுக்கு 15 அங்குல அகலமுள்ள ரயிலே போதும் என்று வாதிட்டு, 1874 முதல் தம்முடைய நிலத்திலேயே அதைப் போட்டுக் காட்டினார். 1896இல் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்கின் ஈட்டன் மாளிகைக்கு அவர் அமைத்த பாதை, சோலைகளை ஊடறுத்துச் சென்று மாளிகைக்கு வேண்டிய நிலக்கரியைச் சுமந்தது. பார்ப்பதற்கு விளையாட்டு ரயில். செய்ததோ சுமைகூலி வேலை. நம் மலை ரயிலின் இயல்பும் அதுவே. சோலைக்காடுகளும் தேயிலைச் சரிவுகளும் மாறி மாறி வரும் பள்ளத்தாக்கில் அது அழகாகவே ஓடியிருக்கும். ஆனால் அழகுக்காக யாரும் அதைப் போடவில்லை.

இறங்கிய தேயிலை, ஏறிய மனிதர்

டாப் ஸ்டேஷனில் ரயில் முடிந்த இடத்தில் ரோப்வே என்னும் கம்பிவடப் பாதை தொடங்கிற்று. தேயிலைப் பெட்டிகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் கீழிறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. மேலே டாப் ஸ்டேஷன் என்றால் கீழே கொட்டகுடிக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். இடையிலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்னும் இடம் இன்றும் குரங்கணி வழி மலையேறுவோர்க்குத் தெரியும். கொட்டகுடியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடி, அங்கிருந்து சமவெளியைக் கடந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து. ரயில், கம்பிவடம், காளை வண்டி, கப்பல் என்று நான்கு வாகனங்கள் மாறிச் சென்றது அந்தத் தேயிலை.

ஆனால் இந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் எந்த வாகனத்தில் வந்தார்கள்?

நடந்து வந்தார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும், மழை பொய்த்த கரிசல் ஊர்களிலிருந்தும், கங்காணி கொடுத்த முன்பணத்தைக் கைநீட்டி வாங்கியவர்கள், மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் சுமந்து, போடி அடிவாரத்திலிருந்து கால்நடையாக மலை ஏறினார்கள். பெட்டிகளுக்குக் கம்பிவடம் கட்டிய காலத்தில் மனிதர்க்கு இருந்தது ஒற்றையடிப் பாதையே. ரயில் பாதைக்கு மண் வெட்டியவர்களும், கல் உடைத்தவர்களும், அதன் ஓரத்துக் காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்களும் இவர்களே.

இவர்கள் பெயர்கள் செக்ரோலில் ஏறின, வரலாற்றில் ஏறவில்லை. எத்தனை தண்டவாளம், எத்தனை பெட்டி என்பதைக் கம்பெனி கணக்கு வைத்தது. பாதை வெட்டுகையில் காய்ச்சலில் மாண்டவர் யார், எந்த ஊரார், அவர் மனைவி மக்கள் என்னவாயினர் என்பதைச் சொல்லக்கூடியவை லயங்களில் வழிவழியாகப் பேசப்பட்ட கதைகள் மட்டுமே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் பொருளின் பாதையும் மனிதரின் பாதையும் ஒன்றாகவே இருந்தன. தேயிலை கிழக்கே இறங்கிய வழியிலேயே நம் முன்னோர் மேற்கே ஏறினர். மலைக்கும் தமிழ்ச் சமவெளிக்கும் இடையே ஒரு கதவுதான். அது போடிப் பக்கம் திறந்திருந்தது.

1924

1924 ஜூலையில் பெய்த மழை அந்த ஏற்பாட்டைக் கலைத்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099இல் வந்தமையால் மலையாள நாட்டில் இதனைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர். நாள் கணக்கில் ஓயாது பெய்த மழையில் மலைகள் சரிந்தன. மாட்டுப்பட்டிப் பக்கம் சரிந்த மண்ணும் மரங்களும் ஆற்றை அடைத்து நிற்க, தேங்கிய நீர் பின்னர் உடைத்துக்கொண்டு பாய்ந்து மூணாற்றை அழித்ததாகச் சொல்வர். பாலங்களும் நிலையங்களும் தண்டவாளங்களும் சிதைந்தன. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அத்துடன் முடிந்தது. அதை மீண்டும் போடவே இல்லை. மூணாற்றில் ரயில் நிலையமாக விளங்கிய கட்டடம் பிற்காலத்தில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று.

தார்ஜிலிங் ரயிலையும் மழையும் மண்சரிவும் பலமுறை சிதைத்திருக்கின்றன. ஆயினும் அது ஒவ்வொரு முறையும் திரும்ப எழுந்தது. 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. நீலகிரி ரயிலுக்கு 2005இல் அச்சிறப்புக் கிடைத்தது. அவற்றில் மனிதர் பயணம் செய்தனர். எனவே அவற்றுக்காகக் குரல் கொடுக்கவும் மனிதர் இருந்தனர். குண்டளை ரயிலோ தேயிலைக்காக ஓடியது. தேயிலைக்கு வேறு வழி கிடைத்ததும் அதன் தேவை தீர்ந்துபோயிற்று.

அந்த வேறு வழி மேற்கே திறந்தது. 1928இல் கொச்சியின் உள்துறைமுகத்தில் பெருங்கப்பல் நுழைந்தது. வெள்ளத்தில் அழிந்த பழைய ஆலுவா வழிக்குப் பதிலாக நேரியமங்கலம், அடிமாலி வழியே புதுச்சாலை 1931இல் வந்தது. 1935இல் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலமும் எழுந்தது. லாரிகள் ஓடலாயின. கிழக்கே இறங்கிய தேயிலை படிப்படியாக மேற்கே திரும்பிற்று. மதுரையிலிருந்து போடிக்குச் சமவெளி ரயில் வந்ததும் அதே 1928ஆம் ஆண்டில்தான். மலையில் ரயில் இருந்தபோது கீழே ரயில் வரவில்லை. கீழே வந்தபோது மலையில் இல்லை. நான்கே ஆண்டு இடைவெளியில் இரண்டும் சந்திக்காமல் போயின.

பொருளின் பாதை திரும்பியது. மனிதரின் பாதை திரும்பவில்லை. குலதெய்வம் கிழக்கே இருந்தது; பெண் கொடுத்ததும் எடுத்ததும் கிழக்கே; ஓய்வு பெற்று லயத்தைக் காலி செய்யும் நாளில் போய்ச்சேர நினைத்த மண்ணும் கிழக்கே. 1956 நவம்பர் 1இல் தேவிகுளமும் பீருமேடும் கேரள மாநிலத்தோடு நின்றபோது, அலுவலகத்தின் மொழியும் மேற்கு முகமாயிற்று. மலையில் வேலை, மேற்கே அரசு, கிழக்கே உறவு என்று மூன்று திசையில் நம் வாழ்வு பிரிந்தது.

நம் பக்கத்துக் காட்டு ரயில்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதி அன்பர்கள் இதனை எங்கோ மூணாற்றுக் கதை என்று கருதிவிடலாகாது. நம் வீட்டுக் குழாயிலும் வாய்க்காலிலும் வரும் நீரைத் தொட்டு நிற்கும் மற்றொரு ரயிலும் உண்டு. அது பறம்பிக்குளத்துக் காட்டு ரயில்.

கொச்சி சமஸ்தானம் தன் காடுகளில் விளைந்த தேக்கையும் ஈட்டியையும் வெளிக்கொணர, பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை காட்டின் ஊடே ஒரு டிராம்வே போட்டது. 1907இல் அது இயங்கத் தொடங்கிற்று. நீளம் 49½ மைல். மீட்டர் அகலப் பாதை. எஞ்சின்கள் ஜெர்மனியில் ஓரன்ஸ்டைன் கோப்பல் கம்பெனியில் செய்யப்பட்டவை. எஞ்சின் ஏற முடியாத செங்குத்தான சரிவுகளில் ஒரு தந்திரம் கையாளப்பட்டது. மேலே ஓர் உருளையில் கம்பிவடம் சுற்றப்பட்டிருக்கும். மரம் ஏற்றிய வண்டி தன் பாரத்தாலேயே கீழிறங்கும்; வடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டியை அதுவே மேலே இழுத்துவிடும். இறங்குவது ஏறுவதற்கு உதவும் இந்த ஏற்பாட்டுக்கு நிலக்கரியும் வேண்டியதில்லை. தடை போடும் கை ஒன்று விழிப்போடு இருந்தால் போதும்.

ஐம்பத்தாறு ஆண்டுகள் ஓடி 1963இல் அந்த டிராம்வே மூடப்பட்டது. அதற்குள் எத்தனையோ பெருமரங்கள் சாலக்குடி வழியே மேற்கே போய்விட்டன.

இங்கும் அதே விந்தை. மரம் மேற்கே போயிற்று. மனிதரின் வழியோ கிழக்கே இருந்தது. இன்றும் கேரளத்துப் பறம்பிக்குளத்துக்கு வண்டியில் செல்ல வேண்டுமானால், தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி சென்று, சேத்துமடை, டாப் ஸ்லிப் வழியாகவே போகவேண்டும். மேற்கே சென்ற ரயில் பாதையைக் காடு மீட்டுக்கொண்டது. அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த காடரும் மலசரும் முதுவரும், ரயில் வருமுன்பும் இருந்தனர். போன பின்பும் இருக்கின்றனர்.

மரம் போன பிறகு நீரின் காலம் வந்தது. பறம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தால் அம்மலைகளின் நீர் கிழக்கே திருப்பப்பட்டது. 1970இல் கையெழுத்தாகி, 1958 முதல் செயற்பட்டதாகக் கொள்ளப்பட்ட ஒப்பந்தப்படி, மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப்புழைக்குத் தரப்பட வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் மழை குறைந்த இக்கிழக்குப் பகுதியில் நெல்லும் தென்னையும் நிற்பது அந்நீரின் கணக்கில்தான். நீர் குறைந்த ஆண்டுகளில் இருபுறமும் கசப்பான பேச்சு எழுவதை நாம் அறிவோம். பொள்ளாச்சியில் மாமன் வீட்டு வயலும், கொழிஞ்சாம்பாறையில் மருமகன் வீட்டு வயலும் ஒரே மலையின் நீருக்குக் காத்திருக்கின்றன. மாநில எல்லை கணக்குப் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. நம் உறவுமுறையில் அதற்கு இடமில்லை.

நாம் செய்ய வேண்டியது

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் உறங்கிய 70 பேர் மாண்டனர். 1924இல் தண்டவாளத்தை விழுங்கிய அதே மலைத்தொடர், 2020இல் மனிதரை விழுங்கியது. இறந்தோரில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு என்று தெரியவந்தது. நோய்த்தொற்றுக் காலத்தின் எல்லைக் கட்டுப்பாடுகளுக்கிடையே அந்த ஊர்களிலிருந்து உறவினர் புறப்பட்டு வந்தனர். அவர்கள் பாட்டன்மார் எந்தத் திசையிலிருந்து மலை ஏறினரோ, அதே திசையிலிருந்து பேரர்கள் துக்கத்துக்கு ஏறி வந்தனர். ரயில் போய்த் தொண்ணூற்றாறு ஆண்டுகள் ஆன பின்னும் அந்த மனிதப் பாதை அறுபடவில்லை என்பதற்கு இதனினும் வேதனையான சான்று வேண்டுமோ?

மூணாற்றில் மீண்டும் சிறு ரயில் விடலாம் என்ற பேச்சு அண்மை ஆண்டுகளில் அவ்வப்போது எழுகிறது. வரட்டும்; நாம் மறுக்கவில்லை. நம் பிள்ளைகளும் அதில் ஏறி மகிழட்டும். ஆனால் அந்த ரயில் வெறும் காட்சி வண்டியாக வந்து, வெள்ளைக்காரத் துரைமாரின் துணிவை மட்டும் பலகையில் எழுதி வைத்தால், பாதி வரலாறே சொல்லப்பட்டதாகும். பாதை வெட்டியவர் எந்தச் சீமையார், எவ்வழியே வந்தனர், எங்கே தங்கினர் என்பதும் அப்பலகையில் இடம்பெற வேண்டும். அவ்விவரங்களை யார் கொடுப்பார்? கம்பெனிக் கணக்கு கொடுக்காது. நாமே கொடுக்க வேண்டும்.

அதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவரை அருகில் அமர்த்தி ஐந்து செய்திகளைக் கேட்டு எழுதிவைத்தால் போதும். முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து வந்தார்? போடி வழியா, கம்பம் வழியா, பொள்ளாச்சி வழியா, எந்த வழியே ஏறினார்? எந்தக் கங்காணியோடு, எந்தத் தோட்டத்தில் அல்லது எந்தக் காட்டு வேலையில் சேர்ந்தார்? குலதெய்வம் எங்கே இருக்கிறது? இவற்றோடு பழைய செக்ரோல் துண்டோ, சம்பளச் சீட்டோ, ஒரு நிழற்படமோ இருந்தால் அதன் படியும் சேரட்டும்.

இதனால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். மூன்று தலைமுறையாக ஒரு மண்ணில் உழைத்தவரைப் பார்த்து, நீ எந்த ஊர்க்காரன் என்று அலுவலகத்தில் கேட்கும்போது, விடை சொல்ல ஓர் ஏடு கையில் இருப்பது பயனில்லாததன்று. சாதிச் சான்றுக்கும் இருப்பிடச் சான்றுக்கும் நம் மக்கள் அலையும் அலைச்சலை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். அதனினும் முக்கியமாக, எல்லைக்கு இப்பால் பிறந்து மலையாளமும் ஆங்கிலமும் படித்து வளரும் நம் பிள்ளைகள், தாங்கள் எங்கிருந்தோ தவறி வந்து விழுந்தவர்கள் என்று எண்ணாதிருக்க வேண்டும். அவர்கள் ஒரு பாதையின் வழியே வந்தவர்கள். அப்பாதையைத் தங்கள் கையாலேயே வெட்டியவர்களின் வழித்தோன்றல்கள்.

டாப் ஸ்டேஷனுக்கு இனிச் செல்லும் குடும்பங்கள், மலைவிளிம்பில் நின்று கீழே பார்க்கையில், கொட்டகுடிப் பக்கம் இறங்கும் அந்தச் சரிவைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். தேயிலை இறங்கிய வழி இது என்று சொல்லுங்கள். பாட்டியும் பாட்டனும் ஏறிய வழியும் இதுவே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.